கடுகில் பத்தில் ஒன்று

ஐந்து நாள் விடுப்பு.
கையெழுத்துப் போட்டபடியே தலைமையாசிரியை சொன்னார்:
"பாடத்துக்கு ஒரு பக்கம் எழுதிட்டு வரணும்.
பிளேன்ல போற பிள்ளை
சும்மா போய்ச் சும்மா வரக்கூடாது."

அன்று மாலையே நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி
ஸ்கேல் வைத்துக் கோடிழுத்து
கணக்கு, அறிவியல், சமூகம், தமிழ் என்று பிரித்தேன்.
பெட்டி அடுக்கியதைவிட
இதற்குத்தான் நேரம் பிடித்தது.

முதல் கேள்வியே வீண்.
பள்ளத்தூர்க் கடிகாரத்துக்கும் கொழும்புக் கடிகாரத்துக்கும்
எத்தனை மணி வித்தியாசம்?
சாத்தப்பன் போனிலிருந்து தலையைத் தூக்காமல்
"பூஜ்ஜியம்மா" என்றான்.
அடித்துவிட்டு அதன் மேல்
சீப்புச்சீடை டப்பாவின் எடையை எழுதினேன்.

அவன்தான் பிறகு
அட்லசில் திருச்சிக்கும் கொழும்புக்கும் நடுவே
ஸ்கேலை வைத்துப் பார்த்தான்.
"கோடு நம்மூருக்குக் கிழக்கால போகுது.
வலப்பக்க ஜன்னல் கிடைச்சா ஊர் தெரியும்."

சொல்லி முடிக்கவில்லை.
உமையாள் என் மிளகாய்ச் சிவப்புச் சேலையோடு
மொட்டைமாடியில் நின்றாள்.
விரித்து, நான்கு மூலைக்கும் செங்கல் வைத்தாயிற்று.

அண்ணன் கணக்குப் போட்டான்.
சேலை ஐந்தரை மீட்டர்.
விமானம் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி.
"கையை நீட்டிப் பிடிச்சா
கடுகுல பத்துல ஒரு பங்கு. தெரியாது, போ."
"கடுகு தெரியும்ல?" என்றாள்.

காலையில் டாக்ஸி.
திருமயம், புதுக்கோட்டை, இரண்டு மணி நேரம்
வடக்கே வடக்கே போனோம்.
பிறகு ஏறி உட்கார்ந்து
பத்தே நிமிடத்தில் தெற்கே திரும்பி வந்து
விட்டுவந்த ஊர்ப் பக்கமே பறந்துகொண்டிருந்தோம்.
"மூவாயிரம் ரூபாய் கொடுத்து
எதிர்ப்பக்கம் போயிருக்கோம்" என்றார் இவர்.
பொருளாதாரத்துக்கு நான் பக்கம் ஒதுக்கவில்லை.

சிப்ஸ் பொட்டலம் தவளை வயிறாய் உப்பியது.
அறிவியல்! என்று நோட்டைத் திறந்தேன்.
எனக்குக் காது அடைத்துப்போய்
நான் கேட்ட கேள்வியே எனக்குக் கேட்கவில்லை.
"கொட்டாவி விடும்மா" என்று
வாயசைத்துக் காட்டினாள் உமையாள்.
விட்டேன். திறந்தது.

கீழே ஊருணிகள், வெயிலில் போட்ட தகரத் துண்டுகளாய்.
ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் பின்கட்டுமாய்
நீண்டு கிடக்கும் வீடுகள்
தீப்பெட்டியை நெருக்கி அடுக்கியதுபோல்.
நடுவில் இருட்டுப் புள்ளி புள்ளியாய் முற்றங்கள்.
ஊருணியை ஏன் சதுரமாய் வெட்டினார்கள்?
நோட்டில் நான் எழுதியிருந்த கேள்வி.
விடை எனக்கும் தெரியாது.

"அதோ!"

அவள் நெற்றி கண்ணாடியில் ஒட்டியிருந்தது.
நடைபாதையோர இருக்கைக்காரர்கூட
பெல்ட்டோடு எக்கிப் பார்த்தார்.
நான் பார்த்தது செம்மண்.
எல்லாத் திசையிலும் செம்மண்.
அடி பெண்ணே, இந்தச் சீமையில்
சிவப்பையா விரிப்பாய்,
பீரோவில் நீலம் இரண்டு இருந்ததே.

அதற்குள் மேகம்.

"பார்த்தேன்."
"சான்ஸே இல்ல."
"பார்த்தேன்."
கடல் வந்து, கடல் முடிந்து
தென்னை தெரியும்வரை இதேதான்.
எந்தப் பாடத்தில் எழுதுவதென்று தெரியாமல்
நோட்டை மூடிவைத்தேன்.

திரும்பி வந்தபோது
சேலை ஒரு பக்கம் சுருண்டு
தண்ணீர்த் தொட்டிக் குழாயில் மாட்டிக் கிடந்தது.
மலிவுச் சாயம். ஐந்து நாள் வெயிலில் வெளுத்து,
செங்கல் இருந்த இடங்களில் மட்டும்
பழைய சிவப்பு.
அறிவியல் பக்கத்தில் அதை வரைந்தாள், கேட்காமலே.
அடியில் ஒரு வரி:
வானத்திலிருந்து நான் இதைப் பார்த்தேன்.

நோட்டு திரும்பி வந்தது.
டப்பா எடைக்கு டிக். டாக்ஸிக் கணக்குக்கு டிக்.
அந்த வரிக்குப் பக்கத்தில்
சிவப்பு மையில் கேள்விக்குறி.

உமையாள் ஸ்கேல் எடுத்து அதை அளந்தாள்.
எட்டு மில்லிமீட்டர்.
"இதைவிடச் சின்னதும்மா" என்றாள்,
"ஆனா இதே கலர்."